எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை

மகனே,

பூனாவில் நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் விசாரிக்கப் போவதில்லை. பட்டினி கிடக்கிற பிள்ளை நீ இல்லை. இங்கே அல்சூரில் நாங்கள் ரெண்டு பேரும் நன்றாக இருக்கிறோம், பல்லைத் தவிர. போன தடவை வந்தபோது டாக்டரிடம் கூட்டிப்போய் அளவு கொடுக்க வைத்தாயே, அந்தப் பல் செட் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் யாரோ பெரிய ஆபீசர் என் வாய்க்குள் வாடகைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. முறுக்கு கடிக்கலாம் என்றார் டாக்டர். கடித்தேன். முறுக்குதான் ஜெயித்தது. போகப் போகப் பழகிவிடும் என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் சொல்லிப் பழகாதது இந்த வீட்டில் எதுவும் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் வாயால் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எனக்குப் பேனா பிடிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நடுவில் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று பேசிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். (இது நான், அம்மா. அப்படி ஒன்றும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.) பார்த்தாயா, ஆரம்பத்திலேயே.

விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்குக் கிளம்புகிற அன்று சாயங்காலம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்பத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாய். "அப்பா, பொண்ணு வீட்டுக்காரங்க விவேக் நகர். வீட்டுக்குள்ளயே இங்கிலீஷ்ல பேசிக்கிறவங்க. கல்யாணத்துல அவங்க அப்பா ஏதாவது கேட்டா நீ சும்மா சிரிச்சுடு, நான் பாத்துக்கிறேன்" என்றாய். எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. உன் கூட வேலை பார்க்கிற பெண், நீயே தேடிக்கொண்டது, நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற பயம் உனக்கு. அதற்கப்புறம் என் மனசு நோகக் கூடாது என்றோ என்னவோ, பேச்சை மாற்றி இந்தப் பல் செட் பற்றிச் சொன்னாய். "உனக்கு ஒண்ணு தெரியுமாப்பா, இந்த 'செட்'டுங்கிற ஒரு வார்த்தைக்கு மட்டும் இங்கிலீஷ் அகராதியில பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான்" என்றாய். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. வாயில் பல் இல்லை. இப்போது இருக்கிறது, அதனால் சொல்கிறேன். அந்தப் பக்கம் பக்கமான அர்த்தமும் எனக்குத் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துக்கும் போகாமல், ஒவ்வொன்றாக, இந்த ஊர்த் தெருவில் பொறுக்கியது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதான். ஆனால் முழுசாகத் தெரியும். உன் அம்மா எனக்குக் கிடைத்ததும் அந்த வார்த்தையில்தான்.

வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தப் பெங்களூர்க் கண்டோன்மெண்டைக் காலி செய்துகொண்டு போன சமயம் நான் வட ஆற்காட்டிலிருந்து இங்கே வந்தேன். சுதந்திரம் வந்த சந்தோஷம் ஊரெல்லாம் இருந்தது. பட்டாளத்தை நம்பிப் பிழைத்த நம் ஜனங்கள் வீட்டில் மட்டும் அடுத்து என்ன செய்வது என்ற கலக்கமும் கூடவே இருந்தது. துணி வெளுத்தவர்கள், சமையல் செய்தவர்கள், குதிரை பார்த்தவர்கள் எல்லாரும் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். நான் முதலில் கட்டட வேலைக்குப் போனேன். அங்கேதான் அந்த வார்த்தையை முதன்முதலில் கேட்டேன். தளம் போட்ட மறுநாள் நான் அதன்மேல் ஏறி நடக்கப் போனேன், மேஸ்திரி கத்தினார், "எறங்குடா! இன்னும் செட் ஆவலை!" நனைத்து நனைத்து, கோணி போட்டு மூடி, பொறுமையாகக் காத்திருந்தால்தான் அது செட் ஆகும், அப்புறம் யானை நடந்தாலும் தாங்கும் என்று பெரியாள் ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் நீ, இதை மட்டும் கொஞ்சம் மனசில் வை. முதல் வருஷம் தண்ணீர் ஊற்றுகிற வருஷம். மேலே ஏறி நடக்கிற வருஷம் அது இல்லை.

அங்கிருந்து கரீம் பாயின் மைக் செட் கடைக்கு வந்தேன். ஏரிக்குப் போகிற தெருவில் ஒரு சின்னக் கடை. பாய்க்கு எல்லாமே செட்தான். ஒயரும் பல்புமாக இருக்கிற சத்தம் பெருக்குகிற பெட்டி ஒன்றுக்கே செட் என்று பேர். பெட்டி, மைக், சத்தம் வருகிற ரெண்டு புனல், ரிகார்டு தட்டு, புனல் கட்டுகிற மூங்கில் எல்லாம் சேர்ந்தாலும் செட்தான். கடையில் வேலை செய்கிற நாங்கள் எல்லாம் "நம்ம செட்டு". ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு விடிகாலையில் உடுப்பி ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், "இந்தப் பையனுக்கு ஒரு செட்டு குடுங்க" என்பார். நான் முதல் நாள் என்னவோ இரும்புச் சாமான் வரப் போகிறது என்று கையை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பஞ்சு மாதிரி தோசை வந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக. இங்கிலீஷ் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடையில் எனக்கு ஒரே ஒரு தொல்லை. ரிகார்டுத் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கிற வட்டத் தாளில் இன்ன பாட்டு என்று எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு பாட்டை ஒருதரம் கேட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது, ஆனால் எந்தத் தட்டில் எந்தப் பாட்டு என்று தட்டைப் பார்த்துச் சொல்ல வராது. அதனால் நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். கல்யாணத் தட்டு, நாதஸ்வரத் தட்டுக்கெல்லாம் நடுத் தாளில் சந்தனப் பொட்டு. சாமி பாட்டுக்குக் குங்குமம். சினிமாப் பாட்டுக்குச் சுண்ணாம்பு. சாவு வீட்டில் போடுகிற தட்டுக்கு விபூதியைக் குழைத்து ஒரு கோடு. பாய் பார்த்துவிட்டு, "அரே, நீ கடை நடத்தறியா, கோயில் நடத்தறியா?" என்று சிரித்தார். ஆனால் ஒரு நாளும் தட்டு மாறினதில்லை.

உன் அம்மா அந்தத் தெரு வழியாகத்தான் குழாயடிக்குத் தண்ணீருக்குப் போவாள். ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கடை வாசலில் நின்று, "இன்னா இது, தட்டுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கே? பொண்ணு பாக்கப் போவுதா?" என்று கேட்டாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அந்தக் கோடு போட்டது?" என்றாள். "சாவுத் தட்டு." "அதை மட்டும் தனியா வையி. என்னிக்காவது கல்யாணத்துல அழுவ வெச்சுடப் போற" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் தண்ணீருக்கு வருகிற நேரம் பார்த்து நான் சுண்ணாம்புத் தட்டாகப் பார்த்துப் போட்டேன். (தெருவே எரிச்சலாக இருந்தது. ஒரே பாட்டு, தினமும்.)

இவள் அப்பாவைப் பற்றி உனக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். பொன்னுரங்கம் மாஸ்டர் என்றால் அன்றைக்கு அல்சூரில் தெரியாதவர் கிடையாது. பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். பட்டாளம் போன பிறகு சிதறிக் கிடந்த வாத்தியக்காரர்களை ஒன்றாகக் கூட்டி, பழைய சிவப்புக் கோட்டுக்குப் பித்தளைப் பொத்தான் தைத்து, சொந்தமாகப் பேண்டு செட் வைத்திருந்தார். பாய் தெருவுக்கு அந்தக் கோடி, மாஸ்டர் இந்தக் கோடி. எங்கள் மைக் செட் வந்ததிலிருந்து அவருக்குக் கல்யாணத்தில் வாசிக்கிற வாய்ப்பு குறைய ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள், மற்றதற்கெல்லாம் புனல் போதும் என்பார்கள். அந்தக் கோபம் அவருக்கு மூக்கு நுனியில் இருந்தது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, புனல் என்றுதான் கூப்பிடுவார்.

"டேய் புனலு! உன் பெட்டிக்கு மூச்சு உண்டாடா? கரண்டு பூட்டா உன்னுது பொணம்."

"கரண்டு திரும்பி வரும் மாஸ்டர். மூச்சு பூட்டா வருமா?"

இப்படி நான் திருப்பிச் சொன்னதும் அவர் கூட இருந்த டிரம் அடிக்கிறவரே சிரித்துவிட்டார். அந்த ஒரு பேச்சுக்காக ரொம்ப நாள் கஷ்டப்பட்டேன். ஏனென்றால் அதற்குக் கொஞ்ச நாள் கழித்துப் பாயையே தூது அனுப்பிப் பெண் கேட்டேன். எங்கள் ஜனம்தான் அவர்களும், அதில் ஒரு தடையும் இல்லை. பாய் ஜரிகைக் குல்லா போட்டுக்கொண்டு, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார். மாஸ்டர் அவரை உட்கார வைத்து மரியாதையாகக் காப்பி கொடுத்தார். அப்புறம் சொன்னாராம், "பாய், உங்க மேல எனக்கு வருத்தம் கிடையாது. ஆனா எவனோ பாடினதைச் சுத்த வுட்டுட்டுக் கையைக் கட்டிக்கினு உட்காந்திருக்கிறவனுக்கு என் பொண்ணு கிடையாது. சொந்தமா ஒரு மூச்சு ஊதத் தெரிஞ்சவனுக்குத்தான்." அதோடு நிற்கவில்லை. கோலார் தங்கவயலில் ஒரு மாப்பிள்ளை, அவனும் வாத்தியக்காரன், அவன் வீட்டிலிருந்து அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். பாய் திரும்பி வந்து குல்லாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பேட்டா, செட் ஆகலை" என்றார். அதற்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உன் அகராதியில் அது இருக்கிறதா பார்.

அந்த வாரத்துக்குள் மரவாடிக்காரர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தெருவையே அடைத்துப் பந்தல். அவருக்குப் பவுசு காட்ட வேண்டும், அதனால் மைக் செட்டும் உண்டு, பேண்டு செட்டும் உண்டு. பந்தலுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் மாஸ்டரும் அவர் ஆட்களும் சிவப்புக் கோட்டில். மணப்பெண்ணோடு கூடப் படித்தவள் உன் அம்மா, அதனால் மேடையில் பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காலையில் ஊர்வலம் முடிந்ததும் மாஸ்டர், "தாலி நேரத்துக்கு நாங்க வாசிக்கிறோம்" என்று போய்க் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "சாவுக்கு முன்னால போற பேண்டு தாலி நேரத்துல எதுக்கு? ரிகார்டுல நாதஸ்வரம் போடச் சொல்லியாச்சு, நாலு தெருவுக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் போய்த் தன் ஆட்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்க நன்றாக இல்லை. அவர் என்னைத் திட்டுகிறவர்தான், இருந்தாலும் அந்தப் பேச்சு கேட்கிற பேச்சா அது? அந்தப் பெரியப்பாவுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. என் தட்டுப் பெட்டியும் முந்தின நாள் ஒரு சாவு வீட்டிலிருந்துதான் நேராக வந்திருந்தது.

முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம் என்று போனேன். வந்து நாதஸ்வரத் தட்டை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மகனே, ஒரு தட்டிலும் பொட்டு இல்லை. பெண்ணின் அத்தை ஒரு சுத்தக்காரி. கல்யாண வீட்டில் இது என்ன தட்டெல்லாம் சுண்ணாம்பும் சாம்பலுமாக அசிங்கம் என்று, ஈரத்துணி போட்டு ஒவ்வொன்றாக அழுத்தித் துடைத்து, பளபளவென்று அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை. ஈரத்தில் நடுத் தாள் ஊறி, எழுத்தோடு சேர்ந்து உரிந்து வந்திருந்தது. படித்த ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றால் படிக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஊரில் இருக்கிற படித்தவர்களும் நானும் ஒன்றாகிவிட்டோம்.

சத்தத்தை மூடிவிட்டு ஊசியை வைத்துத் தட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் முணுமுணு என்று பாட்டு கேட்கும். அப்படியும் பார்த்தேன். அந்தக் கூட்டத்து இரைச்சலில் ஒன்றும் புரியவில்லை. மேடையில் ஐயர் தாலித் தட்டைக் கையில் எடுத்துவிட்டார், ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு தட்டு வரிசை வரிசையாகச் சுற்றி வருகிறது. மரவாடிக்காரர் அங்கிருந்தே, "என்னப்பா, ரெடியா? போடு, போடு!" என்று கையை ஆட்டுகிறார். என் கைக்குக் கீழே இருக்கிற தட்டுகளில் ஒன்று, மனுஷன் வாழ்க்கையில் எல்லாம் முடிந்து மண்ணோடு மண்ணாகப் போவதைப் பற்றி உருகி உருகிப் பாடுகிற தட்டு. அது மட்டும் தாலி நேரத்தில் ரெண்டு புனலிலும் கிளம்பினால் எனக்கு வேலை போகும், பாய் கடை போகும், ஊரை விட்டே ஓட வேண்டும். உன் அம்மாவைக் கோலார் தங்கவயலில் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கும், அதுவும் தூரத்திலிருந்து. போடாமல் சும்மா நின்றாலோ, மேளச் சத்தமே இல்லாமல் தாலி ஏறுகிற அபசகுனம் அந்தப் பெண்ணுக்கு. நிமிர்ந்து பார்த்தேன். உன் அம்மா மேடையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்பினாள்.

தட்டுப் பெட்டியை மூடினேன். அறிவிப்பு சொல்கிற மைக்கை உருவி எடுத்தேன், ஒயரை இழுத்துக்கொண்டு பந்தலுக்குக் குறுக்கே ஓடினேன். ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் தலைமேல் ஒயர் போகிறது, "யாருடா அவன்!" என்று சத்தம், நான் நிற்கவில்லை. பாதி வழி தாண்டி, மாஸ்டர் பெஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால், ஒயர் விறைத்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வராது. கையை நீட்டிப் பிடித்தேன், அப்பவும் எட்டவில்லை.

"மாஸ்டர், ஊதுங்க!"

அவர் உட்கார்ந்தபடியே மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரிகார்டு இன்னாடா ஆச்சு?"

"அதெல்லாம் அப்புறம் சொல்றேன் மாஸ்டர். என் கிட்ட இன்னிக்கு மூச்சு கிடையாது. உங்க கிட்டதான் இருக்கு."

"உன் புனலுக்கு நான் வந்து ஊதணுமா? என்னை வேணாம்னு சொன்ன வாய்க்கு முன்னால?" அசையவில்லை மனுஷன். எனக்கும் அவருக்கும் நடுவே வெறும் ரெண்டு எட்டு ஜமக்காளம். நான் இழுத்தால் ஒயர் பிய்ந்துவிடும். அவர் எழுந்து வந்தால்தான் உண்டு. மேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிவிட்டான்.

அப்போதுதான் மேடைமேலிருந்து அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஒரு குரல் வந்தது. "அப்பா! ரெண்டு எட்டு வெச்சா காலு தேஞ்சா பூடும்? எழுந்து வாப்பா!"

வயசுப் பெண், கல்யாண மேடையில் நின்றுகொண்டு அப்படிக் கத்தினால் ஊர் என்ன சொல்லும் என்று அவள் நினைக்கவில்லை. (நினைத்தேன். நினைத்துவிட்டுத்தான் கத்தினேன்.) மாஸ்டர் எழுந்தார். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார். பட்டாளத்தில் நடக்கிற மாதிரி அந்த ரெண்டு எட்டையும் நடந்து வந்து, கிளாரினெட்டை வாயில் வைத்தார். அவர் ஆட்களுக்கு உத்தரவு தேவைப்படவில்லை. பெரிய டிரம் உருள ஆரம்பித்தது, பித்தளை வாத்தியம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது, அதற்கு மேலே கிளாரினெட், ரெண்டு புனல் வழியாக, தெருவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஏரியைப் பார்க்கப் போனது. ராஜா வீட்டுக் கல்யாணத்தில்கூட அப்படி ஒரு கெட்டிமேளம் இருந்திருக்காது. ராணுவ மரியாதையோடு தாலி ஏறிய பெண் அல்சூரில் அவள் ஒருத்திதான்.

மைக்கைப் பிடித்தபடி நான் மண்டி போட்டிருந்தேன். கிளாரினெட் பக்கத்தில் கொண்டுபோனால் புனல் கத்தும், தள்ளினால் சத்தம் குறையும். அவர் மூச்சு ஏறும்போது நான் பின்னால் இழுத்தேன், இறங்கும்போது முன்னால் நீட்டினேன். அவர் மூச்சோடு என் கையும் போய் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தவர், நடுவில் ஒருதரம் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். அப்புறம் மறுபடியும் மூடிக்கொண்டார். அந்தப் பார்வையிலேயே, அவர் கோபம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசிப்பு முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். கல்யாணத்தில் யாராவது கை தட்டுவார்களா? தட்டினார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவே இறங்கி வந்து மாஸ்டர் தோளில் துண்டைப் போட்டார். அதற்குள் கரீம் பாய் சைக்கிளில் வியர்க்க வியர்க்க வந்து இறங்கினார். ஏரிக்கரையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார். "அரே, ஏரிக்கரை வரைக்கும் கேக்குதே, எந்தத் தட்டுடா இது? நம்ம கிட்ட இப்படி ஒரு தட்டே இல்லையே!" என்றார். மாஸ்டர் வாத்தியத்தைத் துடைத்தபடி, காதில் விழாதவர் மாதிரி இருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "ஏரிக்கரை வரைக்குமா கேட்டுச்சு?"

"ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும் மாஸ்டர்."

பட்டாளத்தில் அத்தனை வருஷம் ஊதியவர், தன் மூச்சு அவ்வளவு தூரம் போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பினார். "டேய் புனலு, அந்த மைக்கை இழுத்து இழுத்து வுட்டியே, யார்டா சொல்லிக் குடுத்தது?" யாரும் இல்லை, நீங்கள் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் செய்தேன் என்றேன். "ஹூம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவரே கடைக்கு வந்தார். பாயிடம், "கோலார்க்காரங்களுக்கு வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். ஊதுறவன் என் வீட்டுல ஏற்கெனவே ஒருத்தன் இருக்கேன். ஊதுறதைக் கேக்கத் தெரிஞ்சவன்தான் வேணும்" என்றார். பாய் ஓடிப்போய் ஆணியிலிருந்து குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு, "செட் ஆயிடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். மைக் இல்லாமலே.

எங்கள் கல்யாணத்தில் இன்னொரு சிக்கல். மைக் பிடிக்கிறவன் மணையில் உட்கார்ந்திருக்கிறேன். கிளாரினெட் வாசிக்கிறவர் பெண்ணுக்கு அப்பா, அவர் மேடையில் நின்று தாரை வார்க்க வேண்டும். வேறு ஆளை வைத்து வாசிக்கலாம் என்றார்கள் எல்லாரும். மாஸ்டர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்: "தாரை வார்க்க என் தம்பி இருக்கான். ஊத யார் இருக்கா?" பித்தளைப் பொத்தான் வைத்த அந்தச் சிவப்புக் கோட்டோடு மேடைக்குக் கீழே வந்து நின்றார். பாய் மைக்கைப் பிடித்தார். நான் தாலியை எடுத்தேன், டிரம் உருண்டது, கிளாரினெட் ஏறியது. முதல் முடிச்சு போடும்போது ஒரே ஒரு இடத்தில் அந்த நாதம் உடைந்து, நின்று, மறுபடியும் எழுந்தது. பாய் அந்த நேரம் பார்த்து மைக்கைப் பின்னால் இழுக்கவில்லை. அழுத மூச்சு அல்சூர் முழுக்கக் கேட்டது. அந்த உடைந்த நாதம்தான் எனக்கு வந்த சீர்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் மைக் செட் வேறு, பேண்டு செட் வேறு என்று இல்லை. பிள்ளைகள் நீங்கள் எல்லாம் அந்த வருமானத்தில்தான் படித்தீர்கள். உன் அக்காள் கல்யாணத்துக்கு நகை செட் வாங்கியது, வீட்டுக்கு ரேடியோ செட் வந்தது, தெருவே வாசலில் உட்கார்ந்து கேட்டது, எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. இந்தக் கதையை மட்டும்தான் யாரும் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை.

உன் கல்யாணத்துக்கு மைக்கும் வேண்டாம், பேண்டும் வேண்டாம், ஹாலில் அமைதியாக வைத்துக்கொள்ளலாம் என்றாய். அப்படியே செய். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல மாட்டேன். கல்யாணம் உன்னுடையது. ஆனால் சும்மா சிரித்துக்கொண்டு நிற்கச் சொன்னாயே, அது மட்டும் என்னால் ஆகாது. விவேக் நகர் சம்பந்தி என்னிடம் வந்து இங்கிலீஷில் ஏதாவது கேட்டால், எனக்கு ஒரு வார்த்தை தெரியும் சார், உட்காருங்கள் என்று சொல்லி இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவேன். புதுப் பல் இருக்கிறது, எவ்வளவு நேரமானாலும் தாங்கும். அதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை அவருக்கும், வரப்போகிற பெண்ணுக்கும் நீயே படித்துக் காட்டிவிட்டால் இன்னும் நல்லது. மனுஷனுக்கு மனுஷன் ரெண்டு எட்டு எப்போதும் பாக்கி இருக்கும், ஒயர் அவ்வளவுதான் வரும். நான் மாஸ்டரைத்தான் நடக்க வைத்தேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் பந்தல் முழுக்கக் குறுக்கே ஓடி வந்தவன் நான். உன் வீட்டிலும் நீயே முதலில் ஓடு. மிச்ச ரெண்டு எட்டை அவர்கள் நடந்துகொள்வார்கள்.

(இவர் சொல்லி முடித்துவிட்டார். இப்போது நான் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருஷமாக இவரிடம் சொல்லாதது. அந்த அத்தைக்கு ஈரத்துணியை நனைத்துக் கையில் கொடுத்தவள் நான்தான். காலையில் அந்தப் பெரியப்பா என் அப்பாவைச் சொன்ன பேச்சு என் காதிலும் விழுந்திருந்தது. சாவுத் தட்டில் போட்ட அந்தக் கோடு கல்யாண வீட்டில் ஆகாது என்று மட்டும்தான் நினைத்தேனா, வேறு என்ன நினைத்தேன் என்று என்னைக் கேட்காதே. எழுதிவிட்டு இப்போதுதான் இவருக்குப் படித்துக் காட்டினேன்.)

மகனே, உன் அம்மா இதைப் படித்துக் காட்டியதும் நான் சிரித்த சிரிப்பில் பல் செட் கழன்று மடியில் விழுந்துவிட்டது. இத்தனை காலம் கழித்துக் கிடைத்த சந்தோஷம் இது. எனக்கு அந்தப் பந்தலை நானே தாண்டினேன் என்று ஒரு பெருமை இருந்தது. இவள் அதற்கு முன்னாலேயே தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றிருக்கிறாள்.

எனக்குக் கையெழுத்து வராது. அதனால் கீழே ஒரு சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன். எந்தத் தட்டுக்குச் சந்தனம் என்று உனக்கு இப்போது தெரியும். உன் அம்மா கையில் ஈரத்துணி இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.